நீல ஜாடிக்கு ஒரு வினைச்சொல்

1

நான் அருங்காட்சியகத்துக்குள் போனது மழைக்கு ஒதுங்க. கலை ஆர்வம் என்று யாராவது பிறகு சொன்னால் நம்ப வேண்டாம். சீட்டு கொடுப்பவர், "கீழ வெள்ளையடிக்கிறாங்க, மேல சீனக் கூடம் மட்டும் திறந்திருக்கு" என்றார். மேலே போனேன்.

கண்ணாடிப் பெட்டிகளில் பீங்கான் தட்டுகள், கிண்ணங்கள், மூக்கு நீண்ட கெண்டிகள். கடைசிப் பெட்டியில் ஒரு பெரிய ஜாடி. வெள்ளை உடம்பில் நீலச் சித்திரம். ஒரு வீட்டு முற்றம், ஒரு பாறை, மேசை முன்னால் உட்கார்ந்து ஏதோ எழுதும் ஒருவர். அவர் முதுகுக்குப் பின்னால் வாசல். திறந்த கதவு தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை. அந்த இடத்துச் சில்லு தொலைந்துபோய், சுண்ணம் வைத்து நிரப்பியிருந்தார்கள்.

கீழே சட்டத்தில் செருகிய அட்டையில் 'வாசலில் ஒரு பெண்' என்று இருந்தது. அடுத்த சொல் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. நிற்கிறாளா, வருகிறாளா, போகிறாளா தெரியவில்லை.

வாசலில் யாரும் இல்லை.

மழை விட்டது. வெளியே வந்துவிட்டேன். அந்த அட்டையை எழுதியவர் யார் என்று விசாரித்திருக்கலாம். விசாரித்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். எனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. இனி வருவதெல்லாம் என் இட்டுக்கட்டு.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஆளரவமற்ற நீண்ட கூடத்தில் ஒரு காலடி ஓசை—"

வேண்டாம். காலடி ஓசையில் ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

"சீனத்துச் சூளைகளில் வெள்ளைக் களிமண் பீங்கானாக மாறும் வித்தை—"

இது கட்டுரை. பரிசுகூடக் கிடைக்கலாம். வேண்டாம்.

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை."

இந்த வரி கொஞ்ச காலம் இருந்தது. ஆனால் தனிக்கட்டை ஒருவன் ஒரு வினைச்சொல்லுக்காக ஏன் மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறான்? ஆகவே அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். பிறகு அவன் மனைவி இறந்துபோனாள். ஒரு வரி வேலைதான்.*

* ஆஸ்பத்திரியிலும் ஒரு வரிதான் சொன்னார்கள். நானும் மனைவியை இழந்தவன். சொல்லாமல் விட்டால் நீங்களே கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்வீர்கள். அதனால் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பேச்சு இல்லை.

3

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இரண்டு மூன்று வரி இருக்குமே, நீங்கள் படிக்காமல் நகர்ந்துவிடுவது, அதை எழுதுகிறவன் அவன். ஆகவே அருங்காட்சியகத்தில் அவனுக்குப் பெயரே அட்டை. விடுப்பு முடிந்து வந்த அன்று வாசல் காவலர் அவனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில், "என்ன அட்டை சார், மறுபடி வந்து ஒட்டிக்கிட்டீங்களா?" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவன் சிரித்தான். முகம் அப்படிச் செய்ததை அவனே கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

மாடியில் பழுதுபார்க்கும் அறை. அங்கே உடைந்ததை ஒட்டும் அம்மாளுக்குப் பெயர் பசையக்கா. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார், பிறகு தேநீர் கொடுத்துச் சமாளிப்பார். சீனக் கூடத்தைப் புதுப்பித்துத் திறக்கப்போகிறார்கள். மேசைமேல் நீல ஜாடி. பசையக்கா சில்லு போன இடத்தைச் சுண்ணத்தால் நிரப்பி, தேய்த்து, தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாட்சியர் உள்ளே வந்தார். அருங்காட்சியகத்துக்கே அவர்தான் பொறுப்பு.

"என்னம்மா, வாசல்ல என்ன வரையப்போறீங்க?"

"ஒண்ணும் வரையல சார். என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"மொட்டையா விட்டா பாக்கறவன் நம்மளத்தான் கேப்பான். அட்டை, நீ ஒரு வரி எழுது. அத வச்சு அம்மா வரையட்டும்."

"தெரியாம என்னத்த சார் எழுதறது?"

"இத்தன நாளா தெரிஞ்சா எழுதின? ஒரு பொம்பள நிக்கற மாதிரி எழுதிடு. வாசல்னா யாராவது நிக்கத்தானே செய்வாங்க. நம்ம வழக்கம் தெரியுமில்ல? ஜாடிக்கு என்ன ஆச்சுங்கறத மட்டும் இறந்தகாலத்துல எழுது. படத்துக்குள்ள இருக்கறவங்கள நிகழ்காலத்துல எழுது. அவங்களுக்கு இறந்தகாலமே கிடையாது."

யாரிடம் சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதை மாட்டாமலே வெளியே போனார்.

(ஜாடி உடைந்தது. வேறொரு தட்டின் அட்டையில் மீனவர் வலை வீசுகிறார். அந்த மீனவர் என்றைக்கோ செத்து மண்ணாகியிருப்பார். ஆனாலும் வீசுகிறார். இது உண்மையிலேயே அட்டைகளின் வழக்கம்தான், போய்ப் பாருங்கள். இறத்தல் என்றால் கடந்துபோதல் என்று இலக்கண வகுப்பில் சொன்னார்கள். அப்போது யாரும் பயப்படவில்லை.)

4

அவன் தன் அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தான்:

"வாசலில் ஒரு பெண் கதவில் கை வைத்தபடி"

அதோடு நின்றான். நம் மொழியில் இது ஒரு தொல்லை. வினை கடைசியில் வரும். அது வரும்வரை ஆள் இருக்கிறாளா, போய்விட்டாளா, வரவே இல்லையா, எதுவும் தெரியாது. வாக்கியம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

'நிற்கிறாள்' என்று போட விரல் போகவில்லை. 'நின்றாள்' என்று போட வழக்கம் விடவில்லை. அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

(பேய்க்கதைக்கு ராத்திரிதான் வசதி. இந்தக் கதை மதியச் சாப்பாட்டு வேளையில்தான் நடப்பேன் என்கிறது.)

திரும்பி வந்தபோது பசையக்கா மாடிப்படியில் நின்றிருந்தார்.

"அட்டை, இங்க வா. என் சோத்து டப்பாவ இன்னும் திறக்கல. நீயா வரைஞ்ச?"

"எத?"

சுண்ணத்தில் ஒரு கை இருந்தது. நீலக் கை. கதவின் விளிம்பில் விரல்கள் படிந்திருந்தன. மணிக்கட்டோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளை.

"எனக்கு வட்டமே ஒழுங்கா வராதுக்கா."

"அது எனக்கும் தெரியும். நீ போட்ட படத்த ஒரு தடவ பாத்திருக்கேன், மாடுன்னு சொன்ன. இங்க பாரு." பஞ்சில் திரவம் தொட்டு அந்தக் கையின்மேல் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. "நாங்க பூசற வண்ணம் எப்ப வேணா துடைச்சா போயிடணும். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து சரிபண்ண வழி விடணுமில்ல? இது போகல. மேல இருந்தாத்தானே போகும்? உள்ள இருக்கு. நீலத்த எழுதி, மேல பளபளப்பு ஊத்தி, சூளையில வெந்து வந்த மாதிரி இருக்கு. நான் காலையில குழைச்சு வச்ச சுண்ணம், அட்டை. நெருப்பையே பாத்ததில்ல."

அவன் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அவன் மனைவியின் சுண்டு விரல் ஒரு முறை அலமாரிக் கதவில் நசுங்கி, அப்படித்தான் கோணலாகக் கூடியது. அவன் 'கை' என்றுதான் எழுதியிருந்தான். விரலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

நானும் எழுதவில்லை. கதையின் முந்தைய கையெழுத்துப் படியை எடுத்துப் பார்த்தேன். அதில் 'கை' மட்டும்தான் இருக்கிறது.

5

(இந்த இடத்தில் அவனும் அவன் மனைவியும் கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன கதை இருந்தது. எடுத்துவிட்டேன். வீட்டுத் தரகர் நன்றாக வந்திருந்தார். இருந்தாலும்.)

6

அவன் சோதித்துப் பார்த்தான். யாராயிருந்தாலும் பார்ப்பார்கள். "நீண்ட அங்கியின் ஓரம் தரையைத் தொட" என்று சேர்த்தான். எழுந்து மாடிக்குப் போய்ப் பார்த்தான். வாசற்படிமேல் அங்கியின் ஓரம் மட்டும் நீலமாகக் கிடந்தது, யாரோ கழற்றிப் போட்டதுபோல. திரும்பி வந்து அந்தச் சொற்களை அழித்தான். மறுபடி மாடிக்குப் போனான். ஓரம் போகவில்லை.

"தோள் சற்றே சாய்ந்து" என்றான். தோள் வந்தது.

சாயங்காலத்துக்குள் கழுத்துவரை ஓர் உருவம் ஆகிவிட்டது. பசையக்கா அதை வலப்பக்கமிருந்து பார்த்தார், இடப்பக்கமிருந்து பார்த்தார்.

"இவ வராளா, போறாளா?"

"தெரியலக்கா."

"இங்கேர்ந்து பாத்தா முதுகு. கொஞ்சம் தள்ளி நின்னா நெஞ்சு. பாதம் தெரிஞ்சா சொல்லிடலாம், நீ அங்கிய வச்சு மூடிட்ட."

"முகம்?"

"முகம் இல்ல. நீ எழுதினாத்தானே?" பஞ்சைக் கீழே வைத்தார். "உன் வீட்டுக்காரியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதில்.

பசையக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதே. ஒட்டற வேலை பாக்கறவ சொல்றேன்." விரலை மடக்கி ஜாடியின் ஒரு பக்கம் தட்டினார். மணி மாதிரி ஓசை எழுந்து நின்றது. ஒட்டிய பக்கம் தட்டினார். மரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. "கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வர்றது அவளா, அவ மாதிரி ஒட்டி வச்சதான்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப? கதவத் திறந்தப்புறம் தட்டிப் பாப்பியா?"

அவன் ஜாடியைப் பார்த்தபடியே இருந்தான்.

"நாளைக்குக் காலையில நான் இந்தச் சுண்ணத்தப் பெயர்த்து எடுத்துடப்போறேன். காப்பாட்சியர் பாத்தார்னா அழியாத வண்ணத்தப் பூசிட்டேன்னு என்ன வீட்டுக்கு அனுப்பிடுவார். அதுக்குள்ள உன் வாக்கியத்த முடிச்சுக்க. இல்லன்னா கை, தோளு எல்லாம் சுண்ணத்தோட தூளாப் போயிடும்."

"வலிக்குமாக்கா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. பசையக்கா தேநீர் போட எழுந்து போனார்.

7

அன்று மாலை மச்சினி போனில் கூப்பிட்டாள். இறந்தவளின் தங்கை.

"மாமா, சாப்டீங்களா?"

"ம்."

"பொய். சரி, அக்காவோட பச்சைப் புடவைய நான் எடுத்துக்கட்டுமா?"

"அது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவள் மெதுவாகத் திருத்தினாள்.

"பிடிக்கும் இல்ல மாமா. பிடிச்சிருந்துச்சு."

"சரி. எடுத்துக்கோ."

"அப்புறம்... அம்மா கேக்கச் சொன்னாங்க. வீட்டுல யாரோட பேசிக்கிட்டிருக்கீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்களாம்."

"எழுதினத வாய்விட்டுப் படிச்சுப் பாப்பேன். எல்லா அட்டையையும் அப்படித்தான்."

"அதான் நானும் சொன்னேன், மாமா தனக்குத்தானே பாடம் எடுப்பார்னு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஆனா ரெண்டு குரல் கேக்குதாம் மாமா."

8

இந்தக் கதையை முடிக்க எனக்கு இரண்டு வழி இருந்தது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவன் வழக்கத்தை மீறி 'நின்றாள்' என்று போடுகிறான். மறுநாள் சுண்ணம் பழையபடி வெள்ளை. பசையக்கா பெருமூச்சு விடுகிறார். கூடம் திறக்கிறது. மக்கள் அட்டையைப் படிக்காமல் நகர்கிறார்கள். அவன் தேறிவிடுகிறான். எல்லோருக்கும் ஏற்ற முடிவு. என்னைத் துக்கம் விசாரித்தவர்கள் இதைத்தான் வேறு சொற்களில் சொன்னார்கள். இதை 'நின்' வரை எழுதினேன்.

இரண்டாவது முடிவு. அவன் 'உள்ளே வருகிறாள்' என்று போடுகிறான். மறுநாள் ஜாடியின் வாசலில் யாரும் இல்லை. அவன் வீட்டுக்குப் போகிறான். பூட்டிய கதவு உள்ளிருந்து திறக்கிறது. அவள் முகம்—

அவள் முகம்—

புருவத்திலிருந்து ஆரம்பித்தேன். வரவில்லை. மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். படத்தைப் பார்த்து எழுதலாம் என்று எழுந்தேன். பார்த்தால் படத்தில் இருக்கும் முகம்தான் வரும். உட்கார்ந்துவிட்டேன். முகம் இல்லாமல் எழுதினால் என்ன வந்து நிற்கும் என்று யோசித்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் பகுதியில், ஜாடிச் சித்திரத்தில் மேசை முன்னால் எழுதிக்கொண்டிருப்பவர் முதுகு வாசலுக்கு என்று எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் படித்தீர்கள். நேற்று என் பழைய படியைப் புரட்டினேன். அதில் 'அவருடைய அரைமுகம் தெரிகிறது' என்று இருக்கிறது. என் கையெழுத்துதான். எழுதிய ஞாபகம் இல்லை. அவர் எப்போது திரும்ப ஆரம்பித்தார்?

அந்த வரியை அடித்துவிட்டேன். என் மேசையும் கதவுக்கு முதுகு காட்டித்தான் இருக்கிறது. இப்போதைக்கு அதை மாற்றிப் போடப்போவதில்லை.

9

காலை. பசையக்கா சின்ன உளியையும் தூரிகையையும் மேசையில் எடுத்து வைத்தார். ஜாடிமேல் துணி போர்த்தியிருந்தது. அவன் மடிக்கணினியோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"முடிச்சியா?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன். 'ஒரு பெண்'ணுங்கறதுக்குப் பதிலா 'நீ'ன்னு மட்டும் போட்டேன்."

"அட்டையில யாராவது 'நீ'ன்னு எழுதுவாங்களா?"

"இது அட்டைக்கு இல்லக்கா. அவள்னு எழுதினா இறந்தகாலமா நிகழ்காலமான்னு கேக்குது. நேரா அவகிட்டயே ஒரு வார்த்தை சொல்லிட்டா அதுக்குக் காலமே வேண்டாம். வா. போ. எதுலயாவது காலம் இருக்கா பாருங்க."

பசையக்கா துணியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

கழுத்துக்கு மேல் இரவோடு இரவாக ஒரு தலை வந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் இன்னும் வெள்ளைதான். ஆனால் கூந்தல் இருந்தது. ஒரு காது இருந்தது. தலை இந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டது சரியாகக் காதில் விழாதபோது சாய்க்கிறோமே, அதுபோல.

"கேக்கறா, அட்டை," என்றார் பசையக்கா. குரல் அவருடையது மாதிரி இல்லை. "நீ 'நீ'ன்னு கூப்ட்டதும் கேக்க நின்னுட்டா. சீக்கிரம் சொல்லு."

"என்ன சொல்லட்டும்?"

"போன்னு சொல்லு."

"வெறும் போன்னா? வாசல்ல நிக்கறவள எப்படிக்கா அப்படிச் சொல்றது? நாயத்தான் அப்படி விரட்டுவோம்."

"அது சரிதான். அப்படிச் சொல்லக் கூடாதுதான். நல்லபடியாச் சொல்லி அனுப்பு. போயிட்டு வா—"

பசையக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

இருவரும் ஜாடியைப் பார்த்தார்கள். காது அங்கேயே இருந்தது. கதவின்மேல் இருந்த கோணல் சுண்டு விரல் சற்று உயர்ந்திருந்ததுபோல் பட்டது. அப்படித்தான் முன்பும் இருந்ததா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது, எனக்கும். நம் மொழியில் ஒருத்தியை அன்போடு அனுப்பிவைக்க வழியே இல்லை. அனுப்புகிற வார்த்தையிலேயே கூப்பிட்டுவிடுகிறோம். வெறுமனே அனுப்பினால் விரட்டியதாகிறது. மயானத்திலிருந்து திரும்பும்போது யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? நாக்குப் பழக்கத்தில் என்ன வந்துவிடுமோ என்றுதான்.

படிக்கட்டில் காப்பாட்சியரின் செருப்புச் சத்தம். பசையக்கா உளியைக் கையில் எடுத்தார். அவன் விசைப்பலகைமேல் விரலை வைத்தான். முதல் எழுத்து எப்படியும் ஒன்றுதான், விரட்டினாலும் வழியனுப்பினாலும். அந்த எழுத்தைத் தட்டினான். அது தனியாகவே முழுச் சொல்லாகவும் நிற்கும். நீண்டுபோகப்போகும் ஒன்றின் ஆரம்பமாகவும் நிற்கும்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவனை அந்த நாற்காலியில், விரல் மேலே எழும்பியபடி, விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். என் வீட்டில் இப்போது சத்தம் எதுவும் இல்லை. நான் இதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவும் இல்லை. கீழே உள்ள வரி முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வாசலுக்கு முதுகு காட்டாத ஓர் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நீ போ